மலையை விட்டு ஏன் போகிறார்கள்?

சீசன் வந்தால் போதும், "நீலகிரி தாங்காதுப்பா, அவ்வளவு கூட்டம்" என்று பதிவு போடுகிறார்கள். 2001-ல் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. அந்தப் பத்து வருடத்தில் தமிழ்நாட்டிலேயே ஆள் குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பில் முட்டி மோதுகிற டூரிஸ்டுகள் ரெண்டு நாளில் இறங்கிவிடுவார்கள், அதை நம் கணக்கில் எழுதாதீர்கள்.

பிள்ளைப்பேறு குறைந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் "பசங்களுக்கு டவுன் மோகம்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. 90-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இலை விற்ற காசு உரத்துக்கும் பறிகூலிக்குமே காணவில்லை. ஊட்டி பிலிம் ஃபேக்டரியும் நொடித்துப் படுத்தது. அப்புறம் கோயம்புத்தூர் பஸ் ஏறாமல் என்ன செய்வார்கள்?

இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்த எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது, தாத்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள். எங்கள் குடும்பம் போய்ச் சேர்ந்தது ஒரு தனியார் எஸ்டேட்டில். எங்கே சேர்ந்தாலும் லைன் வீடு, அதாவது தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு, வேலை இருக்கும் வரைதான். அத்தை ரிட்டயர் ஆனதும் "வீட்டைக் காலி பண்ணினால்தான் கிராஜுவிட்டி" என்று சொல்லிவிட்டார்கள். பின்பக்கம் அவர் சொந்தக் காசில் சிமென்ட் ஷீட் இறக்கிக் கட்டிய சமையல்கட்டு, டைல்ஸ் ஒட்டிய அடுப்பு மேடை, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுத் திருப்பூரில் மகனோடு இருக்கிறார். ஓட்டு மட்டும் இன்னும் இங்கே, தேர்தலுக்குத் தேர்தல் வேன் பிடித்து வருகிறார்கள்.

அந்த லைனில் இப்போது ஜார்க்கண்ட் குடும்பங்கள். "வேலையைப் பிடுங்க வந்துட்டாங்க" என்று அவர்களைத் திட்டுகிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்! இதே வசவை இலங்கையில் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்? அந்த ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கும் வேலை முடிந்தால் வீடு முடிந்தது.

கூலி உயர வேண்டும், சரி. ஆனால் திருப்பூரில் இருக்கும் அத்தை மகன் கேட்பது அதைக்கூட இல்லை. "ரெண்டு சென்ட் இடம், என் பேரில் பட்டா. சம்பளம் குறைந்தாலும் நாளைக்கே ஏறி வந்துடுவேன்" என்கிறான். கூடலூர் பக்கம் ஜென்மி (பரம்பரை நிலவுடைமைக்காரர்) நிலத் தகராறு, அந்த உரிமையை ஒழித்த 1969 சட்டத்துக்கு அப்புறமும் இழுத்துக்கொண்டே கிடப்பதால் அங்கே பட்டா கேட்பதே பெரும்பாடு. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கிலும் ஆள் குறைந்திருந்தால் பசங்களை வையாதீர்கள், பட்டா கொடுக்காதவர்களைக் கேளுங்கள்.