எழுதி வைப்பதும் வேலைதான்

சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் தளத்தில் பணம் கட்ட வந்தவர்களில் பாதிப் பேருக்கு எச்சரிக்கைத் திரை வந்தது, காரணம் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் போனது. இங்கே பாதிப் பேருக்கு அது தெரியும், முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை வந்த அறிக்கையைப் படித்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. "காரணம்: விலகிச் சென்ற ஊழியர் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் முறையாகச் செய்யவில்லை" என்று அதில் ஒரு வரி. தெரிந்ததை அடுத்தவருக்கு ஒப்படைக்காமல் போய்விட்டாராம்.

அவர் செய்தார். எழுதியே வைத்தார். அவர் எழுதிய விக்கியைத்தான், அதாவது யாரும் எழுதித் திருத்தக்கூடிய ஆபீஸ் குறிப்புத் தளத்தைத்தான், போன மாதம் மூடினார்கள். "யாரும் பார்க்கிறதில்ல, ஆளுக்கு இவ்வளவுன்னு லைசென்ஸ் காசு போகுது" என்றார்கள். பக்கங்களை எல்லாம் பிடிஎஃப் ஆக்கி, ஒரே ஜிப்பாகக் கட்டி டிரைவில் போட்டார்கள். இனிமேல் சந்தேகம் வந்தால் வாட்ஸப் குரூப்பில் கேட்க வேண்டுமாம்.

என்ன உடைந்தது என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவது எஸ்எஸ்எல் சான்றிதழ். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும், நாங்கள் வைத்திருக்கும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். 30 நாள் மிச்சமிருக்கும்போதே செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பித்துவிடும். ஆனால் புதுக் கோப்பு டிஸ்க்கில் வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை ரீலோட் செய்யும்வரை, அதாவது கோப்புகளை மறுபடி படிக்க வைக்கும்வரை, நினைவகத்தில் இருக்கும் பழைய சான்றிதழைத்தான் அது வருகிறவர்களுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே, வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர். முதல் சர்வர் புதுப்பித்து, தன்னை ரீலோட் செய்துகொண்டு, கோப்பை இரண்டாவதற்குக் காப்பி செய்யும். இரண்டாவதில் தானாக ரீலோட் செய்யும் ஏற்பாடு, அதாவது 'ஹுக்', எதுவும் இல்லை. புதுப்பித்த அன்று ஒன்றும் தெரியாது. பழையது காலாவதியாகும் நாளில், ஒரு மாதம் கழித்துத்தான் வெடிக்கும். அதுவும் பாதி வாடிக்கையாளர்களுக்கு மட்டும். ஆபீஸில் திறந்து பார்த்தவருக்கு நன்றாக வருகிறது, பணம் கட்ட வந்தவருக்குச் சிவப்பு எச்சரிக்கை. சான்றிதழ் கோப்பைத் திறந்து பார்த்தால் தேதி சரியாக இருக்கிறது. மூன்று மணி நேரம் போனதில் என்ன ஆச்சரியம்?

மூடிய விக்கியில் இதற்கென்று இருந்த பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இது: "இரண்டாவது சர்வரில் ஹுக் கிடையாது. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் கையால் ரீலோட் செய்யவும். சரிபார்க்க லோட் பேலன்சர் வழியாகப் போகாமல் ஒவ்வொரு சர்வரின் ஐபிக்கும் தனித்தனியாக ஓப்பன்எஸ்எஸ்எல் போட்டு, கிடைக்கும் சான்றிதழின் முடிவுத் தேதியைப் பார்க்கவும்." ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது சான்றிதழைச் சோதிக்கும் கருவி. இவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. ஜிப்புக்குள் 400 பக்கப் பிடிஎஃப்பில் அது இருக்கிறது என்று யார் தேடுவார்கள்? குரூப்பில் தேடினால் "சரி ஆயிடுச்சு", "தேங்க்ஸ் ப்ரோ" என்றுதான் வருகிறது. எது சரியானது, எப்படிச் சரியானது என்று எவரும் எழுதவில்லை.

எழுதி வைப்பதும் வேலைதான். இதை எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். ஸ்பிரிண்ட், அதாவது அடுத்த சில வார வேலைத் திட்டம், போடும்போது அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் முகம் மாறுகிறது.

விக்கியின் பிறப்பே இந்த மாதிரி ஒரு தேவையில்தான். 1995 மார்ச் 25 அன்று வார்ட் கன்னிங்காம் என்ற நிரலாளர் முதல் விக்கியைத் திறந்துவிட்டார். நிரல் எழுதுபவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்ட வழிமுறைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு இடம். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து எடுத்த சொல் அது. ஹவாய் மொழியில் 'வேகம்'. பார்த்ததும் தப்பு தெரிந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிட வேண்டும், அதுதான் அதன் உயிர். ஆனால் நம் ஆபீஸ்களில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மூன்று பேர் ஒப்புதல் வேண்டும். அப்புறம் யாரும் எடிட் செய்வதில்லை என்று அதையே குற்றமாகச் சொல்வது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரலாறு இருக்கிறது, கெடுத்துவிட்டால் பழைய வடிவத்துக்கு ஒரு கிளிக்கில் திரும்பலாம். பூட்டு எதற்கு?

விக்கி எங்கே சாகிறது என்று கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைப்பிலேயே சாகும். "எஸ்எஸ்எல் குறிப்புகள்" என்று தலைப்பு வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் பதற்றத்தில் தேடுபவருக்குக் கிடைக்காது. திரையில் வரும் பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் பக்கத்தில் ஒட்ட வேண்டும், ஏனென்றால் அவர் அதைத்தான் காப்பி செய்து தேடுவார். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போட்டால் பெரும்பாலான விக்கிகளின் தேடலில் அது சிக்காது. பக்கத்தின் உச்சியில் இரண்டு விஷயம் கட்டாயம்: இதற்குப் பொறுப்பு யார், கடைசியாக ஒருவர் இதன்படி செய்து பார்த்த தேதி என்ன. எடிட் செய்த தேதி போதாது. கமா திருத்தினாலும் அது மாறிவிடும். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, சரியாக நடந்தால் என்ன தெரியும் என்று எழுத வேண்டும். அது இல்லாமல் ஏழாவது படியில் நிற்பவருக்கு மூன்றாவது படியிலேயே தவறிவிட்டோம் என்பது தெரியாது. பிறகு, பின்வாங்குவது எப்படி என்பதையும் எழுத வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டை மட்டும் விக்கியில் எழுதவே கூடாது, அது பாஸ்வேர்ட் பெட்டகத்தில் இருக்கட்டும், பக்கத்தில் பெட்டகப் பதிவின் பெயர் போதும். விக்கி ஓடும் சர்வரே விழுந்தால் எழுப்புவது எப்படி என்ற பக்கத்தை அதே விக்கியில் மட்டும் வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வெளியே ஒரு பிரதி வேண்டும்.

எழுதி முடித்ததும், அந்த வேலையே தெரியாத ஒருவரை உட்கார வைத்துப் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். எழுதியவர் அருகில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. செய்பவர் தடுமாறும் இடமெல்லாம் பக்கத்தின் ஓட்டை. 45 நிமிடம் ஆகும். அந்த 45 நிமிடம்தான் எவரும் தராதது.

"ஏஐகிட்ட கேட்டா சொல்லிடுமே" என்பீர்கள். இரண்டாவது சர்வரில் ஹுக் இல்லை என்பது உலகத்தில் எங்கே எழுதியிருந்தது? அவர் பக்கத்தில் மட்டும். அதை மூடிவிட்டு எந்த ஏஐயிடம் கேட்டாலும் பொதுவான பத்து வழிகளைத்தான் தரும். "வீடியோ எடுத்து வெச்சிடலாம்" என்பவர்களுக்கு: ஒரு ஐபி மாறினால் 40 நிமிட வீடியோவில் எந்த நொடியைத் திருத்துவீர்கள்? "ஸ்லாக் இருக்கே" என்றால், அந்த ஆபீஸ் அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சைப் பார்க்கவே முடியாது. உரையாடல் உடனடிக் கேள்விக்கு நல்லது. பதில் கிடைத்ததும் அதை விக்கிக்கு எடுத்துப்போய் வைத்து, குரூப்பில் இணைப்பைப் போட வேண்டும்.

"இங்கிலீஷ்ல எழுத வராது" என்று கூச்சப்படுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது, இந்த மொழியில் எதையும் எழுதலாம் என்று அங்கே காட்டியாகிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒருவர் 'சர்டிபிகேட்' என்பார், இன்னொருவர் 'செர்டிஃபிகேட்' என்பார், மூன்றாமவர் 'சான்றிதழ்' என்று தேடுவார். மூன்றையும் பக்கத்தின் கடைசியில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

"எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா நம்மளத் தூக்கிடுவாங்க" என்ற பயத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அது பொய்யான பயமும் இல்லை. ஆனால் எழுதாதவரையும் தூக்குகிறார்கள், எழுதியவர் போனபிறகு அவர் மேலேயே பழியையும் போடுகிறார்கள். பயத்தைப் போக்க வேண்டியது நிர்வாகம், ஊழியர் இல்லை.

பெயரும் மரியாதையும் கிடைத்தால் எழுதுவார்கள் என்பதற்கு உதாரணம் உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களை ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் கூடவே போய் ஆராய்ந்தார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளால்தான் தீர்த்தார்கள் என்று கண்டார். பிறகு 1990களில் யுரேகா என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஒரு தொழிலாளி குறிப்பு அனுப்புவார், அனுபவமுள்ள சக தொழிலாளிகள் சரிபார்ப்பார்கள், அவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். ஊக்கத்தொகையைவிடப் பெயர் வருவதைத்தான் பெரிதாக நினைத்தார்கள் அந்த மனிதர்கள்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். 300 ஜிபி அளவில் இருந்ததில் மிஞ்சியது 4.5 ஜிபி. வழக்கமான பேக்அப் பல நாளாக ஓடவே இல்லை, தவறுகிறது என்று எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சலும் போய்ச்சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான், அதாவது அந்த நேரத்து நகலிலிருந்துதான், மீட்டார்கள். மீட்புக் குறிப்புகளை உலகமே பார்க்கும்படி ஒரு கூகுள் டாக்கில் நேரலையாக எழுதினார்கள். பின்னர் வந்த அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. டேட்டாபேஸையே அழித்தவரின் பெயரை அவர்கள் காத்தார்கள். இங்கே, எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்படி அறிக்கையில் எழுதி, எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை மதியம் கடைசியில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். புது வேலையில் இருக்கும் மனிதர். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தார், "ரெண்டாவது சர்வர்ல ரீலோட் பண்ணிப் பாருங்க சார்" என்றார், இரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. அந்த ஹுக்கைப் போட்டுவிட அரை நாள் கேட்டு அவர் எழுதிய டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, இன்னும் திறந்தே கிடக்கிறது, பின்னர் பார்க்கலாம் என்ற குறிப்போடு.

முதலில் அறிக்கையில் அந்த வரியை எடுங்கள். பிறகு அந்த டிக்கெட்டை இந்த வாரமே முடியுங்கள், இல்லாவிட்டால் முதல் சர்வர் அடுத்து எப்போது புதுப்பிக்கிறதோ, அதிலிருந்து சரியாக ஒரு மாதத்தில் இதே கதை திரும்ப வரும்.