அது கதை இல்லைங்க, ஒரு வீட்டுக்காகச் செய்யும் வேலை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்தச் 'சுருக்கம்' பற்றித்தான். தென் சீனாவில் வாழும் சுவாங் மக்கள் சடங்கில் ஓதும் ஹன்வுவெங் காவியத்தை நாலு பத்தியில் முடித்து, "திரும்பத் திரும்ப வரும் வரிகளை நீக்கிவிட்டோம்" என்று பெருமையாக ஒரு குறிப்பு வேறு. படித்ததும் மனசு வலித்தது.

கதை இதுதான். மாற்றாந்தாய் வழி அண்ணன் தம்பிக்குள் சொத்துச் சண்டை. தம்பி அண்ணனைக் கொல்லப் பார்க்கிறான். அண்ணன் ஹன்வுவெங் வானத்துக்குப் போய் அங்கிருந்து பஞ்சத்தையும் நோயையும் இறக்குகிறான். கடைசியில் தூது போய்ப் பேசி, விண் அவனுக்கு, மண் இவனுக்கு என்று முடிகிறது. சரி, இதை எப்போது ஓதுவார்கள்? குடும்பத்தில் தீராத பகை இருக்கும்போது, துர்மரணம் நடந்த வீட்டில். அந்தப் பதிவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சடங்கை எடுத்துவிட்டால் அங்கே காவியமே இல்லை.

நீக்கிய வரிகள் எவை தெரியுமா? "பாவ் ரோதோவிடம் போய்க் கேள், மெ லொக்காப்பிடம் போய்க் கேள்." தாத்தாவும் பாட்டியுமான மூல தெய்வங்கள் அவர்கள். மோ என்கிற, சுவாங் பூசாரிகளின் சடங்கு ஓதல் நகர்வதே இந்த வரிகளில்தான். ஊரில் கேடு வரும், வழி தெரியாது, போய்க் கேட்பார்கள், தெய்வங்கள் வழி சொல்லும், சொன்னபடி செய்வார்கள், கேடு தீரும். நெல்லின் ஆன்மாவை மீட்கும் ஓதலும் அப்படித்தான். ஆதியில் நெல்மணி பம்பளிமாஸ் அளவு இருந்ததாம், அதை அடித்து உடைத்துத் தூவினார்களாம். எருமைக்குத் தனி ஓதல், மாமியார் மருமகள் பகைக்குத் தனி ஓதல். கேட்பதையும் பதிலையும் வெட்டிவிட்டால் கேடு மட்டும் மிஞ்சும், பரிகாரம் இருக்காது. அந்த வீட்டுக்கு அதனால் என்ன பயன்?

"ஆயிரம் வரியை இன்று யார் படிப்பார்கள்?" என்கிறார்கள். அது படிக்க எழுதியதே இல்லை, ஓத எழுதியது. பெரும்பாலும் வரிக்கு ஐந்து அசை. ஒரு வரியின் கடைசி அசை அடுத்த வரியின் நடுவில் உள்ள அசையோடு இயையும். நம் எதுகை வரியின் தொடக்கத்தைப் பிடிக்கிறது, அவர்களுடையது வரியின் இடுப்பைப் பிடிக்கிறது. நடுவில் ஒரு வரியை உருவினால் அடுத்த வரிக்குப் பிடிமானம் போய்விடும்.

சுவடியும் லேசுப்பட்டதில்லை. சீன எழுத்துகளை வைத்துச் சுவாங் மொழியை எழுதும் சவ்ன்டிப் எழுத்தில் வயலுக்கான 'நா' என்ற சொல்லைப் பாருங்கள். ஒலிக்கு ஒரு சீன எழுத்து, பொருளுக்கு வயலைக் குறிக்கும் எழுத்து, இரண்டையும் ஒட்டி ஒன்று. பக்கத்து ஊர்க்காரர் அதே சொல்லை வேறு மாதிரி எழுதியிருப்பார். அந்த ஊர் மோ பூசாரி உட்கார்ந்து வாசித்துக் காட்டாமல் பல இடங்கள் விளங்கவே விளங்காது. மோ ஓதல்களுக்கு 1991இல் வந்த பதிப்பு பல சுவடிகளை ஒன்றாகக் கோத்தது. 2004இல் எட்டுத் தொகுதிகளில் 29 சுவடிகளைத் தனித்தனியாக நிழற்படத்தோடு போட்ட பிறகுதான் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு பேர் பாடுபட்டுப் பிரித்து வைத்ததை நாலு பத்தியில் மறுபடி குழப்பியாயிற்று.

"பாவ் ரோதோவுக்குத் திருவிழா நடக்கிறதே, 2006இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலிலும் சேர்த்தார்களே" என்பவர்களுக்கு: குவாங்சி பகுதியின் தியான்யாங்கில், கான்சுவாங் மலையில் அந்தத் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை, கூடட்டும். ஆனால் மேடையில் பாடினால் எந்த வீட்டுச் சண்டை தீரும்? மூடநம்பிக்கை என்று சொல்லி இதே சுவடிகளை எரித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் பூசாரிகள்தான். இன்று அவர்கள் பெயர்கூட வேண்டாம் என்கிறோம், கதை மட்டும் போதும் என்கிறோம்!

"நீ என்ன சுவாங்கா?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அதனால் தப்பாகச் சொல்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா?

மறுபடி போடுவதாக இருந்தால் இதையாவது செய்யுங்கள்: எந்த ஊர்ச் சுவடி, எந்தச் சடங்குக்கு ஓதுவது என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். கேள்வியையும் பதிலையும் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் அப்படியே விடுங்கள்.