கை மறக்காது, ஆனால் பந்தே மாறிவிட்டது
சீனாவில் பிறந்து, சிலி நாட்டுக்காக 58 வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் ஆடிய ஜெங் ஜியிங்கைப் பற்றி, "சின்ன வயதில் பழகிய கை மறக்காது, மட்டையை எடுத்தாலே போதும்" என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. அவர் இளமையில் விட்டுப்போன ஆட்டம் இப்போது இல்லையே! முன்பு மட்டையின் இருபுறமும் ஒரே நிற ரப்பர் ஒட்டி, எந்தப் பக்கத்தால் அடிக்கிறோம் என்றே தெரியாமல் ஏமாற்றலாம்; 1980களில் இரு நிறம் கட்டாயமானதும் அந்த வித்தை போச்சு. 2000இல் பந்து 38 மி.மீ.இலிருந்து 40 ஆனது, 2014இல் பிளாஸ்டிக்கும் வந்தது. சுழற்சி குறைந்ததால், பழைய அளவில் வெட்டினால் பந்து தாழாமல் மிதந்து எழும்பும், எதிராளிக்கு நேராக ஸ்மாஷ். 2001 முதல் ஒரு கேமுக்கு 21க்குப் பதில் 11 புள்ளி, முறைக்கு ஆளுக்கு இரண்டே சர்வீஸ். தொடக்கத்தில் நான்கு புள்ளி விட்டால் மீள நேரமில்லை. சர்வீஸில் பந்தைக் கையால் மறைப்பதும் 2002 முதல் தவறு. பழகிய கைதான் இங்கே எதிரி. இன்னொருவர் "இந்த வயதில் கால் ஓடாது" என்கிறார். ஓடத்தான் வேண்டும் என்பதில்லை. மேசையை ஒட்டி நின்று, நீண்ட முனைகள் துருத்தி நிற்கும் ரப்பரால் பந்தின் வேகத்தை உடைத்து ஆடும் லக்சம்பர்க்கின் நீ ஷியாலியன் அதே பாரிஸில் 61 வயதில் முதல் சுற்றை வென்றார்.