இடுப்பில் பணப்பை, தலையில் ஒன்றுமில்லை

நண்பர் ஒருவர் அடுத்த மாதம் முதன்முறையாக வெளிநாடு கிளம்புகிறார். பாதுகாப்புக்கென்று வாங்கியவற்றை எல்லாம் மேசையில் பரப்பி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பணப்பை, பிளேடால் கிழிக்க முடியாத தோள்பை, மூன்று எண் பூட்டுகள், கடன் அட்டையை எட்ட நின்று யாரும் கருவியால் படித்துவிடாதபடி ஓர் உலோக உறை. போய் இறங்கியதும் என்ன திட்டம் என்று கேட்டேன். ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றப்போகிறாராம். ஓட்டத் தெரியுமா? "கார் ஓட்டுகிறேனே, ஸ்கூட்டர் என்ன பெரிய வித்தை?" ஹெல்மெட்? "அங்கே யாரும் போடுவதில்லையாம்."

சிரிப்பு வந்தது, பிறகு கோபமும் வந்தது. வெளிநாட்டில் பத்திரமாக இருப்பது எப்படி என்று ஆளாளுக்குச் சொல்லும் அறிவுரைகளில் முக்கால்வாசி திருடனைப் பற்றியே இருக்கிறது. திருடன் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவான். உயிரை எடுப்பது பெரும்பாலும் சாலையும் தண்ணீரும். நோயால் இறப்பவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பயணிகளின் உயிரைப் பறிப்பதில் சாலை விபத்துதான் முன்வரிசையில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். விளம்பரப் படங்களில் நம்மை இழுக்கும் கடற்கரைகள் பலவும் அந்த நாடுகளில்தான் இருக்கின்றன.

நான் மட்டும் என்ன யோக்கியம்? வண்டிகள் இடதுபுறம் ஓடும் சாலைகளைப் பார்த்தே வளர்ந்தவன். வலதுபுறம் ஓடும் ஒரு நகரத்தில் இரண்டாம் நாள் காலை, வழக்கம்போல் வலது பக்கம் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. ஓர் அடி வைத்தேன். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். இடது பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்ணாடி, என் காதுக்குக் காற்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது. திரும்பினால், கையில் காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி. அவர் பேசிய மொழியில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் திட்டு முழுவதும் புரிந்தது.

1931 டிசம்பரில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு நேர்ந்ததும் இதுதான், காப்பாற்ற ஆள் இல்லாத குறை ஒன்றைத் தவிர. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவைக் கடக்கும்போது, பழக்கதோஷத்தில் தவறான பக்கம் பார்த்து நடந்தார்; கார் மோதித் தூக்கி எறிந்தது. ஓட்டுநர் மேல் குற்றமில்லை, தவறு என்னுடையது என்று பிறகு அவரே சொன்னார். லண்டனில் சாலையைக் கடக்கும் இடங்களில் 'வலது பக்கம் பார்' என்று தரையில் எழுதிவைத்திருக்கிறார்கள். மூளைக்கு எவ்வளவு சொன்னாலும் கழுத்து பழைய பக்கம்தான் திரும்பும் என்று தெரிந்து எழுதியது அது.

ஸ்கூட்டருக்கு வருகிறேன். கார் ஓட்டும் உரிமம் பெரும்பாலான இடங்களில் இருசக்கர வண்டிக்குச் செல்லாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்திருந்தாலும், அதில் அந்த வகைக்கு உரிய முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். குடித்துவிட்டு ஓட்டினாலும் அதே கதிதான். நம்மில் பலர் பயணக் காப்பீட்டை விசாவுக்கான ஒரு காகிதம் என்று நினைத்துக்கொண்டு, விலக்குகள் அச்சிட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை. வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அவர்கள் சொல்வதுதான் விலை, உங்கள் பாஸ்போர்ட் அவர்கள் இழுப்பறையில்.

கடலில் இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. இருபுறமும் அலைகள் உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். குழந்தையைக் குளிக்கவைக்க நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி பல சமயம் அதுதான். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, கைகள் ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்து, அதன்பின் கரையேற வேண்டும். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று அதைத் தாண்டிப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

குடிப்பவர்களுக்கு ஒன்று. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில், மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை. இரவு குடித்ததன் மந்தம் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால். பார்வை மங்கினால் தூங்க விடாதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

திருடர்களை அடியோடு மறந்துவிடச் சொல்லவில்லை. சாதாரண உடையில் வந்து, போலீஸ் என்று அட்டையைக் காட்டி, கள்ள நோட்டு சோதனை என்று பர்ஸைக் கேட்ட ஆள் ஒருவன் என்னிடமும் வந்தான். "ஸ்டேஷனுக்கே போவோம், அங்கே தருகிறேன்" என்றேன். அடுத்த தெருமுனைவரை கூடவே வந்தான், பிறகு காணவில்லை.

உண்மையான போலீஸ் பிடித்தால் கதை வேறு. 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, கைதான வெளிநாட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுமாறு கேட்கலாம் என்கிறது. போலீஸார் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நாம் கடையில் சாதாரணமாக வாங்கும் சளி மருந்துகூட இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். சளி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபிட்ரின் என்ற பொருள் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது.

நேற்று நண்பர் இன்னொரு படம் அனுப்பினார். பெட்டியில் பாதி இடத்தை ஒரு ஹெல்மெட் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் காலுறைகளைத் திணித்து வைத்திருக்கிறார். உலோக உறையையும் விடவில்லை. உரிமம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.