லாம்போ ஃபீல்டு: அடியில் சூடு இருந்தும் தரை உறைந்தது ஏன்?

அமெரிக்காவின் கிரீன் பே நகரத்தில் இருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் லாம்போ ஃபீல்டு. “அங்கே தரைக்கு அடியில் ஹீட்டர் இருக்கு, உறையவே உறையாது, போட்டிருப்பதும் பிளாஸ்டிக் புல்தான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. ஆளைக் குழப்புவதும் அந்தப் பாதிதான்.

ஹீட்டர் உண்டு. 1967-ல் சுமார் ஆறு அங்குல ஆழத்தில் மின்கம்பிகளைப் பதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, உள்ளூர் அணியான கிரீன் பே பேக்கர்ஸுக்கு டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியுடன் மோதல். குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரையைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். கீழே சூடு, மேலே பாய். இடையில் ஈரம் வேர்த்து நின்றுவிட்டது, சோற்றுப்பானை மூடியின் உட்புறம் போல. பாயை உருவியதும் அந்த ஈரம் அப்படியே இறுகிப் பனிக்கட்டியானது. நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டி, பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மீதி ஆட்டத்தை வாயால் கத்தித்தான் நடத்தினார்கள். (கிரீன் பே 21, டல்லாஸ் 17.)

மின்கம்பிகளுக்குப் பதிலாக 1997-ல் சூடான திரவம் ஓடும் குழாய்கள் வந்தன. இவை வேர்மண் கல்லாக இறுகாமல் பார்த்துக்கொள்ளும். மேற்பரப்பில் ஈரம் தங்கினால் கடுங்குளிரில் இன்றும் வழுக்கும்.

புல் விஷயம் தவறு. அது உயிருள்ள புல். 2007 முதல் அதனூடே செயற்கை இழைகளைத் தைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் புல் வளராது, ஷூ ஆணி பெயர்த்த இடம் ஆறாது. இழைகளைச் சுற்றி வேர் பிடித்துக்கொள்வதால் மண் கட்டி கட்டியாகப் பெயர்வது குறைகிறது. ஆட்டமில்லாத நாட்களில் புல்லுக்கு வெளிச்சம் கொடுக்கச் சக்கரம் வைத்த பெரிய விளக்குச் சட்டங்களை உருட்டி வருகிறார்கள். பிளாஸ்டிக்குக்கு எதற்கு வெளிச்சம்?