இமிடாகுளோபிரிட் புகையிலைச் சாறு அல்ல

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரி விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘இமிடாகுளோபிரிட் புகையிலையிலிருந்து எடுத்த இயற்கை மருந்து. பூக்கும் நேரத்திலும் தெளிக்கலாம். தேனீக்கு ஒன்றும் ஆகாது.’ இரண்டுமே தவறு.

இது ஆலையில் தயாராகும் செயற்கைப் பூச்சிக்கொல்லி. புகையிலையில் உள்ள நிக்கோட்டினைப் போலப் பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது என்பதோடு புகையிலையுடனான உறவு முடிந்தது. (அசல் நிக்கோட்டினும் நஞ்சுதான் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார்.) செடி முழுவதும் பரவுவதால் மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலக்கிறது. உடனே சாகாத தேனீயும் வழி தடுமாறிக் கூடு திரும்பாமல் போகலாம். முந்திரிப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவையும் பூச்சிகளே. விதைநேர்த்தியில், அதாவது விதைப்பதற்கு முன் விதையில், பூசும் மருந்திலோ பெரும்பகுதி செடிக்குள் போவதில்லை. மண்ணில் தங்கி, மழைநீரோடு ஓடைக்கும் குளத்துக்கும் சென்று நீர்ப்பூச்சிகளைக் கொல்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் சேர்த்து 3 நியோனிகோட்டினாய்டு (நிக்கோட்டினைப் போலச் செயல்படும் பூச்சிக்கொல்லி வகை) மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டை இணையத்தில் படிக்கலாம். இந்தியாவில் இமிடாகுளோபிரிட்டுக்குத் தடையில்லை. எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பது மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.