அந்தப் படத்தை முதலில் அனுப்பியது யார்?

சுங்கை சிப்புட்டில் இப்போது எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். கொலை வழக்கில் ஐக்கோர்ட்டு குற்றவாளி என்று சொன்ன நம்ம ஊர்ப் பையனை, புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அவனைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னது ஊர் அக்கா ஒருவர்தான். "கண்ணால பார்த்த சாட்சி இருக்கு. ஐக்கோர்ட்டுல கொலைக் குற்றம்னு தீர்ப்பும் சொல்லியாச்சு. புத்ராஜெயாவுல மூணு பேரு உட்கார்ந்து விட்டுட்டாங்க. காசு விளையாடிருச்சு!" ஒட்டுக்கடையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

காசு விளையாடவில்லை. அந்தக் குடும்பத்திடம் விளையாட காசே கிடையாது. கோர்ட்டே நியமித்துக் கொடுத்த வக்கீல்தான் வாதாடினார். கேஸைக் கெடுத்தது நம்ம வாட்ஸ்அப் குரூப். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன். மேல்முறையீட்டு ரெக்கார்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, நம்பர் போட்டுக் கட்டியவன். சட்டம் படித்ததில்லை, ஆனால் ஒரு கேஸ் எந்தப் பக்கத்தில் உடையும் என்பது கொஞ்சம் பிடிபடும்.

மேல்முறையீடு என்றால் கேஸை முதலிலிருந்து மறுபடி நடத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாட்சி சொன்ன அக்கா புத்ராஜெயாவுக்குப் போகவே இல்லை. அங்கே மூன்று நீதிபதிகள் முன்னால் இருந்தது காகிதம்தான்: போலீஸ் புகார், சாட்சியம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு. நம் மலேசியாவில் 1995-லிருந்து ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) கிடையாது. கொலை வழக்கு என்றாலும் உயர்நீதிமன்றத்தில் ஒரே நீதிபதிதான் சாட்சியை நேரில் பார்த்து, நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். அந்த முடிவில் மேல்கோர்ட்டு சுலபத்தில் கை வைக்காது. கை வைத்திருக்கிறது என்றால், அவர் எடைபோட வேண்டிய ஏதோ ஒன்றை எடைபோடாமல் விட்டிருக்கிறார்.

"ஒரே ஒரு சாட்சிதானே, அதனால விட்டுட்டாங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். அதுவும் இல்லை. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 134-வது பிரிவு, இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கு எதுவும் வைக்கவில்லை. ஒருவர் போதும். ஆனால் அந்த ஒருவர் எதை, எப்படிப் பார்த்தார் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். 1976-ல் இங்கிலாந்தில் டர்ன்புல் என்ற வழக்கில் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். நம் கோர்ட்டுகளும் அதைப் பின்பற்றுகின்றன. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, நடுவில் ஏதாவது மறைத்ததா, முன்பே தெரிந்த ஆளா, பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் எத்தனை நாள் இடைவெளி, முதலில் சொன்ன அடையாளமும் ஆளின் தோற்றமும் ஒத்துப்போகிறதா.

வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த அக்கா ஆளைப் பார்த்ததாகச் சொன்னது பாலத்தில்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பழைய லயத்துக்கு (தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) போகிற அந்தப் பாலத்துப் பக்கம் நின்று பாருங்கள். தெருவிளக்கு இந்தப் பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கம் செம்பனை மட்டையை விரித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே மோட்டார் வந்தால் லைட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். ஓட்டி வருவது பெற்ற மகனாகவே இருந்தாலும், தாண்டிப் போன பிறகு முதுகையும் சட்டையையும் வைத்துத்தான் சொல்ல முடியும். "தோட்டத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அது எப்படித் தப்பாகும்?" என்பார்கள். நெருங்கிய சொந்தக்காரர்களையும் நண்பர்களையும்கூட ஆள் மாற்றி அடையாளம் சொல்வது உண்டு என்று அதே டர்ன்புல் தீர்ப்பு எச்சரித்திருக்கிறது.

அந்த அக்கா முதல் நாள் போலீசில் சொன்னது: ஒல்லியான பையன், கறுப்புச் சட்டை, எங்கேயோ பார்த்த மாதிரி. பெயர் இல்லை, முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சில நாள் கழித்து அடையாள அணிவகுப்பு, அதாவது பல பேரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வது, நடந்தபோது நேராகப் போய் இந்தப் பையனைக் காட்டினார். இடையில் என்ன நடந்தது? நம்ம ஆள் ஒருவர் அவனுடைய ஃபேஸ்புக் படத்தை எடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, "இவன்தான்" என்று குரூப்பில் தட்டிவிட்டார். அது தாமான் தாமானாக (குடியிருப்புக் குடியிருப்பாக) சுற்றியது. குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார், அணிவகுப்புக்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று. "பார்த்தேன் ஐயா, எல்லாருக்கும் வந்துச்சே" என்றார் அக்கா. கேஸ் உடைந்தது அந்தப் பக்கத்தில்தான். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பதற்கும் அந்தப் பதிலே போதும். பாலத்தில் பார்த்த ஆளைக் காட்டினாரா, கைப்பேசியில் பார்த்த படத்தைக் காட்டினாரா என்பதை இனி அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இது நம்ம ஊர் மக்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-ல் ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். எப்படியாவது இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தைக் கவனித்து மனதில் பதிய வைத்துக்கொண்டவர் அவர். போலீஸ் காட்டிய படங்களில் ரொனால்ட் காட்டனைக் காட்டினார். பிறகு வரிசையில் நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். அதன் பிறகு அவர் மனதில் அந்த முகம்தான். உண்மையான குற்றவாளி பாபி பூலைக் கோர்ட்டில் கொண்டுவந்து எதிரே நிறுத்தியபோதுகூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. 1995-ல் மரபணு பரிசோதனை வந்துதான் காட்டன் வெளியே வந்தார். அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே கழிந்துவிட்டது.

சொல்லப்போனால், இங்கிலாந்தில் கிரிமினல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கே இப்படி ஒரு தப்பு முக்கியக் காரணம். அடால்ஃப் பெக் என்பவரை 1896-ல் பெண்கள் பலர் வரிசையாக வந்து, எங்களை ஏமாற்றி நகையை வாங்கிப் போனவன் இவன்தான் என்று கை காட்டினார்கள். 1904-ல் மறுபடியும் அதே கதை. கடைசியில் உண்மையான ஆள் சிக்கினான். அந்த வழக்கு கிளப்பிய கோபத்தில் 1907-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். நிறைய பேர் சேர்ந்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் நாட்டில் தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவில், அதாவது கொலைக் குற்றம் உறுதியானால், 2023 ஜூலை 4 வரை தூக்கு ஒன்றுதான். நீதிபதிக்கு வேறு வழி இல்லை. இப்போது தூக்கு, அல்லது 30 முதல் 40 வருஷம் சிறையும் ரோத்தானும் (பிரம்படியும்). இருபத்து சொச்சம் வயதுப் பையனுக்கு நாற்பது வருஷம் என்றால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவன் உத்தமன் என்று சான்றிதழ் கொடுக்க நான் வரவில்லை. செத்துப்போன பையனின் அம்மா தினமும் என் வீட்டு வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறார். அவருக்கு இந்தத் தீர்ப்பு இரண்டாவது சாவு. அவரிடம் போய் டர்ன்புல் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவருடைய கோபம் போக வேண்டிய இடம் வேறு. கண்ணால் பார்த்த சாட்சி கிடைத்ததும் இனி என்ன வேண்டும் என்று கேமரா, போன் விவரம் எதையும் சரியாகத் தேடாமல் விட்டவர்களிடம் போக வேண்டும். அப்புறம், வட்டம் போட்ட அந்தப் படத்தை அனுப்பியவரிடம். அதைத் தட்டித் தட்டி அனுப்பிய நம்மிடமும்.

கதை இத்தோடு முடியவும் இல்லை. அரசுத் தரப்பு 14 நாளுக்குள் மனு போட்டால் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போகலாம். அதற்குள் அதே படம் மறுபடி கிளம்பிவிட்டது. இந்த முறை "வெளியே வந்துட்டான், உஷார்" என்று எழுதி, அவன் தங்கச்சி வேலை செய்யும் கடையின் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? போட்ட தம்பியை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசினேன், முனகிக்கொண்டே எடுத்துவிட்டான். இன்னும் இரண்டு குரூப்பில் அது அப்படியே இருக்கிறது. அட்மின்கள் இரண்டு பேரும் என் நண்பர்கள் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.